ரிசார்ட்: விடுதியா, வளாகமா?

ரிசார்ட் என்றால் 'ஓய்வு விடுதி' என்று எழுதிவிடுவது நம் செய்தித்தாள்களின் வழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நீச்சல் குளமும் நாலு குடில்களுமாக நடக்கிற இடத்துக்கு அது போதும். ஆனால் கரீபியக் கடலில் இருக்கும் பார்புடா தீவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் காலை வாரிவிடும்.

முதலில் சொல் வந்த வழி. பழைய பிரெஞ்சு மொழியில் 'ரெசொர்த்திர்' என்றால் மறுபடி வெளியே போவது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, இக்கட்டில் ஒருவர் நாடிப் போகும் துணை என்ற பொருளில் வந்தது. 'லாஸ்ட் ரிசார்ட்' என்கிறார்களே, அதில் இருப்பது இந்தப் பழைய பொருள்தான். அப்புறம் மக்கள் அடிக்கடி போய்க் கூடும் இடத்தைக் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில், உடம்பு தேறவும் பொழுது போக்கவும் போகிற ஊர் என்றானது. இங்கிலாந்தின் பாத், பிரைட்டன் எல்லாம் அப்படித்தான் ரிசார்ட். கடைத்தெரு, தேவாலயம், அங்கேயே பிறந்து வளர்ந்த சனங்கள் எல்லாம் உள்ள முழு ஊர்கள் அவை. தனி ஒரு ஹோட்டலை அந்தப் பெயரால் அழைப்பது பின்னால் வந்த வழக்கம். இன்றைய பிரெஞ்சுக்காரரிடம் 'ரெஸோர்' என்று சொன்னால் ஸ்பிரிங் என்று நினைப்பார். வக்கீலாக இருந்தால் நீதிமன்றத்தின் அதிகார எல்லை என்று நினைப்பார். ஹோட்டல் அவர் நினைவுக்கு வராது.

அந்த ஊர் என்ற பொருளுக்குத் தமிழில் நல்ல சொல்லே இருந்தது: கோடை வாசஸ்தலம். ஊட்டி, கொடைக்கானல் என்றாலே பத்திரிகைகள் இதைத்தான் போடும். கொஞ்சம் வடமொழி வாடை உண்டு, ஆனாலும் பொருள் துல்லியம். ரிசார்ட் ஊரிலிருந்து ஹோட்டலுக்குச் சுருங்கியபோது வாசஸ்தலம் கூடவே சுருங்கவில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டோம்.

இனி பார்புடா. ஆன்டிகுவாவும் பார்புடாவும் சேர்ந்து 1981-இல் விடுதலை பெற்ற ஒரே நாடு. பார்புடாவின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஊர் என்று இருப்பது கோட்ரிங்டன் ஒன்றுதான். 1685 முதல் 1870 வரை தீவையே குத்தகைக்கு வைத்திருந்த குடும்பத்தின் பெயர் அது. 1834-இல் அடிமை முறை ஒழிந்தபின், அடிமைகளாக இருந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் நிலத்தைக் கூறு போடாமல் பொதுவில் வைத்தே பயிர் செய்தார்கள், ஆடுமாடு மேய்த்தார்கள். 2007-இல் வந்த பார்புடா நிலச் சட்டம் இந்த வழக்கத்தை எழுத்தில் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி நிலம் பார்புடா மக்களின் பொதுச் சொத்து, யாரும் விற்க முடியாது. வீடு கட்ட, விவசாயம் பார்க்க, தொழில் நடத்த, பார்புடாக்காரர் ஒவ்வொருவரும் மனை கேட்டுப் பெறலாம். பெரிய கட்டுமானம் எது வந்தாலும் மக்கள் சம்மதம் வேண்டும்.

அங்கே ஹோட்டலே இல்லாமல் இல்லை. இளவரசி டயானா வந்து தங்கிய 'கே கிளப்' இருந்தது, பிறகு மூடிவிட்டார்கள். அந்த இடத்தை நடிகர் ராபர்ட் டி நீரோவும் தொழிலதிபர் ஜேம்ஸ் பேக்கரும் குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களுடைய திட்டத்துக்காக 2015-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா புயல் அடித்தது. இன்னொரு புயலும் வருகிறது என்று தீவில் இருந்த அத்தனை பேரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் முழுதாகத் திரும்பி வருவதற்குள் புதிய விமான நிலையத்துக்கு நிலம் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது. 2018-இல் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் போயிற்று.

இதற்குப் பின் பால்மெட்டோ முனையில் வளர்ந்து வருவது 'பார்புடா ஓஷன் கிளப்'. கோல்ஃப் மைதானம், உறுப்பினர்கள் விலை கொடுத்து வாங்கும் வீடுகள், கடற்கரை. பக்கத்திலேயே, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள கோட்ரிங்டன் காயல். அதன் அலையாத்திப் புதர்களில் ஆயிரக்கணக்கான ஃப்ரிகேட் பறவைகள் கூடு கட்டும். பருவத்தில் ஆண் பறவை தொண்டைப் பையைச் செக்கச்செவேல் என்று ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சரி, அந்தக் கிளப்பை எப்படி விடுதி என்பது? ராத்திரி தங்கிக் காலையில் கணக்குத் தீர்த்துக் கிளம்புகிற இடமா அது? இதைப் போய் 'சுற்றுலா வளர்ச்சி' என்றும் எழுதுகிறோம். டெவலப்மெண்ட் என்றால் ஆங்கிலத்தில் மனையில் எழும்பும் கட்டடங்கள் என்றும் பொருள் உண்டு. 'வளர்ச்சி' என்று போட்டால் யாரோ நன்றாக இருக்கிறார்கள் என்று படிக்கிறவர் நம்பிவிடுவார்.

வழக்குகள் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை போயின. ஆன்டிகுவா, பார்புடாவுக்கு இன்னமும் அதுதான் இறுதி மேல்முறையீட்டு மன்றம். 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்று ஆங்கிலச் சட்ட நூல்கள் சொல்வது இத்தகைய மன்றத்தைத்தான். அரசியல் சட்டம் காக்கிற சொத்துரிமை என்று பார்புடாக்காரர்களின் பொது நில உரிமையைக் கருத முடியாது என 2022-இல் அது தீர்ப்பளித்தது. விமான நிலையத்தை எதிர்த்து வழக்காட உள்ளூர்க்காரர்களுக்குத் தகுதி உண்டு என்று 2024-இல் சொன்னது. அதே ஆண்டில் விமான நிலையமும் திறந்தாயிற்று.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இலங்கையில் 'உல்லாசப் பயணி' இயல்பான சொல். அதை ஒட்டி 'உல்லாச விடுதி' என்று சொல்லலாம்தான், ஆனால் தமிழ்நாட்டுக் குற்றச் செய்திகள் உல்லாசத்தை வேறு மாதிரி ஆக்கி வைத்திருக்கின்றன. 'கேளிக்கை விடுதி' பாருக்குப் போய்விட்டது. 'சொகுசு விடுதி' நகரத்து நட்சத்திர ஹோட்டலுக்கும் பொருந்திவிடும். நான் 'ஓய்வு வளாகம்' என்பேன். வளைத்தல், சூழ்தல் என்பதை ஒட்டியது வளாகம். கடல் சூழ்ந்த நிலத்துக்கே அந்தச் சொல் முன்பு வழங்கியது. 'தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி' என்று தொடங்குகிறது புறநானூறு 189-ஆம் பாட்டு: தெளிந்த கடல் சூழ்ந்த நிலத்தைப் பிறர்க்கும் பொது என்றில்லாமல் தானே ஆளும் அரசன். தீவு, வேலி, பொதுநிலம் மூன்றும் வரும் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

தங்கிவிட்டு வரும் இடத்துக்கு ஓய்வு விடுதி, வளைத்துப் போட்டு வீடு விற்கும் இடத்துக்கு ஓய்வு வளாகம் என்று பிரித்து எழுதினால் போதும். கூவத்தூர் மட்டும் விதிவிலக்கு. 2017 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர்களை அங்கே தங்கவைத்ததிலிருந்து 'ரிசார்ட் அரசியல்' தமிழாகவே ஆகிவிட்டது; 'ஓய்வு விடுதி அரசியல்' என்று எழுதினால் யாருக்கும் புரியப் போவதில்லை.