பிரெஞ்சு வினைச்சொல்லின் ஒலிக்காத ஈறும் கடைசி அசையின் அழுத்தமும்

தமிழ் மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் எனக்கு, வினைச்சொற்களின் பன்மை வடிவத்தை அவர்கள் வாசிக்கும் முறையே மிகுந்த கவலை தருகிறது. 'அவர்கள் பேசுகிறார்கள்' எனப் பொருள்படும் 'இல் பர்ல்', எழுத்தில் ஈ, என், டி என்னும் மூன்று எழுத்துகளோடு முடிவதால், எழுதியதையெல்லாம் ஒலித்தே பழகிய நம் நாக்கு அதைப் 'பர்லான்' என்று இரண்டு அசைகளாக நீட்டிவிடுகிறது. உண்மையில் அந்த வினை ஓரசைதான். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களுக்கும் எழுத்து மூன்று வகையாக வந்தாலும் காதில் விழுவது ஒரே 'பர்ல்'. நாம், நீங்கள் என்பவற்றுக்கு மட்டுமே 'பர்-லோன்', 'பர்-லே' என இரண்டாம் அசை பிறக்கிறது.

இதை விளக்க, 'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்னும் பழைய பயிற்சி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். அதில் எழுத்துக்கு எழுத்து ஒன்றேயான இரு சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். மடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் 'கூ-வான்' என ஈரசை பெறும். அடைகாத்தலைக் குறிக்கும் வினையோ 'கூவ்' என ஓரசையில் முடியும்.

மங்கி மறையும் ஈறு நமக்குப் புதிதன்று. 'நாடு' என்பதன் குற்றியலுகரம் 'இல்லை' வரும்போது கெட்டு 'நாடில்லை' ஆகிறதல்லவா? 'அவன் பேசுகிறான்' என்பதன் இறுதியில் எழுதப்படும் ஈ என்னும் எழுத்தும் செவ்வியல் பிரெஞ்சுச் செய்யுளில் உயிரொலிக்கு முன் கெடும். அடியின் நடுவில் மெய்யொலி தொடர்ந்தால் தனி அசையாக எண்ணப்படும். 12 அசைகள் கொண்ட அலெக்சாந்திரன் அடியை அளக்கும்போது இதை மறந்தால் கணக்கு குறைந்துவிடும்.

அழுத்தம் தனிச்சொல்லுக்கு உரியதன்று. ஒரே மூச்சில் சொல்லும் சொற்குழுவின் கடைசி அசைக்கு உரியது. 'இல் பர்ல்' என நிறுத்தினால் வினையின் மேல் விழும் அழுத்தம், 'இல் பர்ல் ஃப்ரான்ஸே' என்று தொடர்ந்தால் 'ஸே'க்கு நகர்கிறது. 'அதைச் சொல்' என்னும் 'தி-ல' ஏவலில், மற்ற இடங்களில் வலுவற்ற 'ல'வே அழுத்தத்தை ஏற்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பன்மை காதில் விழும் இடமும் உண்டு. 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இ-லெம்' என்றும், 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது 'இல்-ஃஸெம்' என்றும் பிரியும். வினையின் ஈற்றில் கேட்காத பன்மை, அதன் முதல் அசையில் வந்தொட்டும் அந்த அதிரும் ஸகரத்தில்தான் கேட்கிறது. தமிழில் அவ்வொலி இல்லாததால், மாணவர்களைத் தொண்டையில் இரு விரல்களை வைத்து, அதிர்வு தட்டுப்படும்வரை அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன்.