வாழிடத் துண்டாடல்

காடு போன்ற ஓர் உயிர் வாழிடத்தைச் சாலையும் தோட்டமும் சிறு சிறு துண்டுகளாக வெட்டிப் பிரிப்பதுதான் இது. ஆங்கிலத்தில் ‘ஹேபிடட் ஃப்ராக்மென்டேஷன்’. இரண்டு சொல்லுமே லத்தீன் வழி வந்தவை. ‘ஹேபிடட்’ என்றால் லத்தீனில் ‘வாழ்கிறது’. பழைய தாவர, விலங்கு நூல்களில் ஓர் உயிர் எங்கே வாழ்கிறது என்ற குறிப்பு இந்த வினைச்சொல்லோடு தொடங்கும். நாளடைவில் அதுவே இடத்துக்குப் பெயராகிவிட்டது. ‘ஃப்ராக்மென்ட்’ உடைத்தலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. எலும்பு முறிவுக்குச் சொல்கிற ‘ஃப்ராக்சர்’ அதற்கு உடன்பிறப்பு.

தமிழில் ‘வாழிடம்’ நிலைத்துவிட்டது. அடுத்த பாதிக்குத்தான் துண்டாதல், துண்டாக்கம், சிதறல் என்று பல சொற்கள் புழங்குகின்றன. எனக்குத் துண்டாடல்தான் சரி என்று படுகிறது. சிதறல் தானாகவும் நடக்கும். சூறையாடலைப் போலத் துண்டாடலுக்குச் செய்பவர் ஒருவர் வேண்டும். சாலை போட்டவரும் தோட்டம் போட்டவரும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள். வால்பாறைத் தேயிலைக்கு நடுவே நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகளைப் பற்றி எழுதவும் இதுவே பொருந்தும்.

இதை வாழிட அழிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 100 ஹெக்டேர் சதுரக் காடு ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் தொல்லை விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரை எட்டும் என்று வைத்துக்கொள்வோம். தொல்லை எட்டாத உட்காடு 64 ஹெக்டேர். அதையே ஒல்லியான பாதைகளால் நான்காக வெட்டினால் உட்காடு 36 ஹெக்டேர்தான். பதினாறாக வெட்டினால் வெறும் 4. மரங்கள் அநேகமாக அப்படியே நிற்கும். பரப்புக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இழப்பே தெரியாது.

பறவைக் கூட்டுக்குத் தெரியும். முட்டையிட்டு, பொரித்து, ஒரு குஞ்சாவது பறந்து வெளியேறினால் அதை ‘நெஸ்டிங் சக்ஸஸ்’ என்பார்கள். ‘கூட்டு ஈடேற்றம்’ எனலாம். முட்டையையும் குஞ்சையும் தின்னும் ரக்கூன் (அமெரிக்கக் காட்டுப் பாலூட்டி), காகம், வீட்டுப் பூனை எல்லாம் விளிம்பில் சுலபமாக நுழைந்துவிடும். அமெரிக்காவில் இன்னொரு எதிரியும் உண்டு: பழுப்புத்தலைக் கௌபேர்ட். நம் குயிலைப் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். ஒருகாலத்தில் புல்வெளியில் காட்டெருமை மந்தைகளின் பின்னால் திரிந்த பறவை இது. காட்டை வெட்டி வயலும் மேய்ச்சலும் வந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. வந்த இடத்தில் பல நேரம் சொந்தக்கார முட்டை ஒன்றை அப்புறப்படுத்திவிடும். அதன் குஞ்சு சீக்கிரம் பொரிந்து, வேகமாக வளர்ந்து, கூட்டுக்குச் சொந்தக்காரத் தாய் கொண்டுவரும் இரையைத் தட்டிப் பறிக்கும்.

1995இல் பறவை ஆய்வாளர் ஸ்காட் ராபின்சன் குழு அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களின் ஒன்பது நிலப்பரப்புகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. காடு எங்கே அதிகம் துண்டாடப்பட்டிருந்ததோ அங்கே கூடு சூறையாடப்படுவதும் கௌபேர்ட் முட்டையும் கூடியிருந்தன. வுட் த்ரஷ் போன்ற வலசைப் பறவைகள் அத்தகைய காடுகளில் ஈன்ற குஞ்சுகள் இறப்பை ஈடுகட்டவே போதவில்லை. ஆனாலும் வசந்தம்தோறும் அங்கே பாட்டுக் கேட்கிறது, ஏனென்றால் தொலைவிலுள்ள பெரிய காடுகளில் பிறந்தவை வந்து அந்த இடங்களை நிரப்புகின்றன. அந்தப் பெரிய காடுகளையும் துண்டாடிவிட்டால் வருவதற்குப் பறவை இருக்காது.