மைகேப் சான்றிதழ்: கீரை போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கங்கோங் (நீர்க்கீரை), வெண்டை, வல்லாரை என்று போட்டு விற்பவர்கள் உண்டு. மைகேப் என்ற அரசாங்கச் சான்றிதழைப் பற்றிச் சொன்னதும், 'அது பேரங்காடிக்கு லாரியில் அனுப்புகிறவர்கள் சமாச்சாரம்' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிறிய இடத்தில் பயிர் செய்பவரும் மனுச் செய்யலாம். சான்றிதழுக்குக் கட்டணம் கிடையாது.

நல்ல விவசாய நடைமுறைக்கு அரசாங்கம் தரும் சான்றிதழ் இது. முன்பு பயிர், கால்நடை, மீன் வளர்ப்பு என்று தனித்தனியாக இருந்ததை 2013இல் மைகேப் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். பயிருக்கு விவசாய இலாகா பொறுப்பு. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் அந்த மாவட்ட விவசாய அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார், உரம் போட்ட கணக்கு, மருந்தடித்த கணக்கு கேட்பார். மண், தண்ணீர், விளைச்சல் மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும்.

நம்மவர்கள் பலர் இடறுவது நிலத்தில்தான். கிராண்டோ (நிலப் பட்டா), குத்தகைப் பத்திரமோ, அனுமதிக் கடிதமோ காட்ட வேண்டும். 'தோட்ட மானேஜர் போட்டுக்கச் சொன்னார்' என்ற வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். என்னைக் கேட்டால் மைகேப் முத்திரையைவிட இந்தத் தண்ணீர்ப் பரிசோதனைதான் பெரிய லாபம். செம்பனை வரிசைக்குப் பக்கத்தில் ஓடும் பாரிட்டில் (வாய்க்காலில்) பம்புக் குழாயைப் போட்டுக் கீரைக்குத் தண்ணீர் விடுகிறோம். மேலே யாருடைய மாட்டுக் கொட்டகை, எந்தத் தொழிலாளர் லயத்துக் கழிவு அதில் கலக்கிறது என்று பார்க்கிறோமா? மாட்டுச் சாணத்திலும் மனிதக் கழிவிலும் ஈ-கோலி பாக்டீரியா இருக்கும். பெரும்பாலான வகைகள் ஒன்றும் செய்யாது, சில வகை ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கோளாறும் வரை கொண்டுபோகும். 2018இல் அமெரிக்காவின் யூமா பகுதியில் விளைந்த சலாட் கீரையால் 210 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள். அதே கிருமி அங்கிருந்த பாசனக் கால்வாய்த் தண்ணீரிலும் இருந்தது.

பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாயும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு 1000 மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும், ஈ-கோலியும் சேர்ந்த) பாக்டீரியாவுக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1989இல் அளவு வைத்தது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் என்பதால் மட்டும் அது தேறிவிடாது. சொட்டுநீராக வேரடியில் விட்டால் இலையில் படுவது வெகுவாகக் குறையும். அறுவடைக்குச் சில நாள் முன்பு அந்தத் தண்ணீரை நிறுத்தினால் இலையில் இருக்கும் கிருமி வெயிலில் கணிசமாகச் செத்துவிடும்.

அப்புறம் நாமே கெடுக்கிற ஒரு வேலை இருக்கிறது. அறுத்த கங்கோங்கைக் கட்டுக் கட்டாகக் கட்டி, சந்தைக்கு வாடாமல் போகட்டும் என்று அதே பாரிட்டில் முக்கி எடுப்பது. சொட்டுநீர் போட்ட காசெல்லாம் அந்த ஒரு முக்கில் போச்சு. கடைசிக் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர்தான். வாங்குபவர் வீட்டில் கழுவிக்கொள்வார் என்றும் விட முடியாது. வெறும் தண்ணீரில் அலசினால் கிருமியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போகலாம், மீதி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

மைகேப் கட்டாயமில்லை. ஆனால் உடல்நலத்துக்குக் கேடான உணவை விற்றால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் உண்டு. அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்ற கணக்கு இல்லை.

பரிசோதனையில் தண்ணீர் தேறாவிட்டால் பயிரையே விட்டுவிட வேண்டியதில்லை. வல்லாரை, புதினா, வெள்ளரி, சலாட் போன்றவற்றுக்கு மட்டும் கிணற்றையோ குழாயையோ பாருங்கள், கிணறு என்றால் அதையும் சோதித்துவிட்டு. பாரிட் தண்ணீரை வாழைக்கும் மரவள்ளிக்கும் திருப்பிவிடலாம்.