8 ஜிபியா 12 ஜிபியா என்று கேட்பதற்கு முன்னால்

பெங்களூர் கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சார், பையன் செகண்ட் பியூசி முடிச்சிட்டான், கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு வேணுமாம். எஸ்.பி. ரோட்டில் விசாரிச்சேன். ஒருத்தர் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 எடுங்க, மெமரி அதிகம்னு சொல்றார். பக்கத்துக் கடைக்காரர் அது பழசு, 8 ஜிபி 4060 தான் ஸ்பீடுன்னு சொல்றார். யாரை நம்புறது?" வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரின் பிராசசர் இன்டெல் ஐ5-10400 என்றும் எழுதியிருந்தார். அதற்குத் தனி நன்றி, பாதிப் பதில் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கார்டு என்ன செய்கிறது என்பதை நீட்ட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்கிகள் ஒரே நேரத்தில் இயங்கி, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கண்டுபிடிக்கின்றன. 1080பி திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள், நொடிக்கு 60 படம். அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. இந்த 16.7-ஐ மட்டும் நினைவில் வையுங்கள், இனி வருவதெல்லாம் அதை வைத்துத்தான்.

கணக்கிகள் வேகமானவை, ஆனால் அவை கேட்கும் தகவல் கைக்கு வந்து சேர வேண்டுமே. 3060-ன் மெமரி பாதை 192 பிட் அகலம், நொடிக்கு 360 ஜிபி ஓடும். 4060-ல் 128 பிட், 272 ஜிபி. புதுசு பழசை விடக் குறுகல்! அப்படியிருந்தும் 1080பியில் பெரும்பாலான கேம்களில் 4060 தான் முந்துகிறது. காரணம், சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற குட்டி மெமரி. 3060-ல் 3 எம்பி, 4060-ல் 24 எம்பி. அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி இருந்தால் கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் அலமாரிக்கு நடக்க வேண்டாம், அதே கதைதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே சுவர், ஒரே தரை என்பதால் ஒரு முறை எடுத்த தகவல் உடனே மறுபடியும் தேவைப்படுகிறது, கேஷில் இருந்தால் அலமாரிப் பயணம் மிச்சம். ஆக, பெட்டியில் போட்டிருக்கும் பிட் அகலத்தை மட்டும் பார்த்து 4060-ஐ ஒதுக்கினால் அது தப்பு.

சரி, அப்போ 4060 தானே? இருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

கேமில் நீங்கள் பார்க்கும் செங்கல் சுவர் உண்மையில் ஒரு தட்டையான பரப்பு, அதன் மேல் ஒட்டிய படம்தான் டெக்ஸ்சர். 4096-க்கு 4096 அளவுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்படியே வைத்தால் 64 எம்பி. கார்டு நேரடியாகப் படிக்கக்கூடிய பிசி7 என்ற முறையில் சுருக்கினால் புள்ளிக்கு ஒரு பைட், 16 எம்பி. அப்புறம், தூரத்தில் தெரியும்போது பயன்படுத்த அதே படத்தைப் பாதி, அதில் பாதி என்று சிறிதாக்கி அடுக்கி வைப்பார்கள், அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மொத்தம் 21 எம்பிக்கு மேல். ஒரே சுவருக்கு நிறம், மேடுபள்ளம், சொரசொரப்பு என்று இரண்டு மூன்று டெக்ஸ்சர் வேண்டும். ஓர் ஊரையே கட்டியிருக்கும் திறந்தவெளிக் கேமில் 8 ஜிபி எப்படி நிரம்புகிறது என்று இப்போது புரியும்.

நிரம்பினால் கேம் நின்றுவிடாது. மிச்சத்தை டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கம்ப்யூட்டரின் சாதா ரேமில் வைத்துவிடும், தேவைப்படும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வரவழைக்கும். கார்டைச் செருகுகிறோமே, அந்த ஸ்லாட்தான் வழி. 4060 அந்த ஸ்லாட்டின் 16 லேனில், அதாவது தடங்களில், 8-ஐத்தான் பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4-ஆம் தலைமுறை போர்டில் 8 லேன் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி. ஐ5-10400 கொடுப்பதோ 3-ஆம் தலைமுறை, எனவே ஏறக்குறைய 8 ஜிபிதான்.

இதை ஒரு படத்துக்கு என்று வகுத்துப் பாருங்கள். அந்த 16.7 மில்லிநொடிக்குள் கார்டின் சொந்த மெமரியிலிருந்து சுமார் 4.5 ஜிபி வந்து சேரும். ஸ்லாட் வழியாக? 130 எம்பி சொச்சம். ஆறு டெக்ஸ்சர், அவ்வளவுதான்! முப்பது நாற்பது மடங்கு வித்தியாசம். தெருமுனையில் நீங்கள் திரும்பிய அந்த நொடியில் புதிதாகப் பத்து சுவர் வேண்டுமென்றால், அந்த ஒரு படம் தாமதமாகிறது, திரை ஒரு வெட்டு வெட்டுகிறது. சில கேம்கள் வெட்டாமல் சமாளிக்கும், அதற்குப் பதில் சுவர் மங்கலாகவே நிற்கும். இரண்டும் சராசரி எஃப்பிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கில், தெரியவே தெரியாது, ஏனென்றால் சராசரி என்பது நல்ல நொடிகளையும் சேர்த்து வகுத்தது. விமர்சன வீடியோக்களில் "1% லோ" என்று ஒரு கோடு காட்டுவார்களே, மிக மெதுவாக வந்த படங்களின் கணக்கு, அதைப் பாருங்கள்.

இந்த டெக்ஸ்சர் ஒட்டும் உத்தியே 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்முல் எழுதிய ஆய்வேட்டில் வந்தது. அந்தத் துறைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்பா. அன்றைக்கு யாராவது "இதனால் நாட்டுக்கு என்ன லாபம்" என்று கேட்டு நிறுத்தியிருந்தால் இன்று இந்தக் கார்டெல்லாம் ஏது? நம் பெங்களூரில் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றுக்கும் பெரிய பொறியியல் மையங்கள் இருக்கின்றன, திறமைக்குக் குறைவே இல்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வந்தால் தேவலை. ஆயுத பூஜைக்குச் சிபியுவுக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஜிபி கூடினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்குக் கற்பூரம் காட்டுவதை நிறுத்த வேண்டும்.

ஏனென்றால் அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு வந்தது, ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்ததில் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 உடன் வந்ததில் 16.8 ஜிபி. இரண்டுமே 2 ஜிபி கார்டுதான். 3060-லும் அதே வேலை நடந்தது: பின்னால் வந்த 8 ஜிபி 3060-ல் பாதை 128 பிட், 240 ஜிபி. இதில் 4060-ன் கேஷும் இல்லை, 12 ஜிபி 3060-ன் இடமும் இல்லை. கடையில் "3060 தான் சார்" என்று நீட்டினால் பெட்டியைத் திருப்பி 12 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

இனி வாசகருக்கு. பையன் வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும் ஆடுவான் என்றால் 8 ஜிபி தாராளம், 4060 எடுங்கள். 115 வாட் போதும், 3060-க்கு 170. பெரிய திறந்தவெளிக் கேம்கள், கம்ப்யூட்டரையும் மாற்றப்போவதில்லை என்றால் பில்லும் வாரண்டியும் உள்ள 12 ஜிபி 3060. அது 16 லேனையும் பயன்படுத்தும், நிரம்புவதே அரிது. படங்களுக்கு நடுவே கார்டே கூடுதல் படம் உருவாக்கிச் செருகும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் 3060-ல் இல்லையே என்று கடைக்காரர் சொல்வார், உண்மைதான், ஆனால் அந்த வசதியும் மெமரியைத் தின்றுதான் ஓடும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, அதுவும் 16 லேன். இன்டெலின் பி580 காகிதத்தில் அருமை, மெமரி 12 ஜிபி, வேகம் நொடிக்கு 456 ஜிபி. ஆனால் அதன் டிரைவர் பிராசசரிடம் நிறைய வேலை வாங்கும், பழைய சிப்பில் மூச்சுத் திணறும், 10400-க்கு நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் மாட்டியதும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து மெமரி அளவு, பஸ் அகலம் (மெமரி பாதையின் பிட் அகலம்), பேண்ட்விட்த் (நொடிக்கு ஓடும் ஜிபி) மூன்றையும் பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். ஸ்லாட்டின் தலைமுறையைக் காட்டும் பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 1.1 என்று காட்டினால் உடனே கடைக்கு ஓடாதீர்கள், சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்டை ஓட விட்டால் 3.0-க்கு ஏறிவிடும். ஏறவில்லை என்றால் மட்டும் பில்லை எடுங்கள்.