அனிமாலியே: சொல்லும் பொருளும்

பழைய ஃபிரெஞ்சு வெண்கலச் சிற்பங்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: அனிமாலியே. ஆங்கிலத்திலும் இதை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியாகத் தமிழுக்கு வரும்போது 'அனிமலியர்' என்று ஆகிவிடுகிறது. ஃபிரெஞ்சில் கடைசி எழுத்தை உச்சரிப்பதில்லை என்பதால் 'அனிமாலியே' என்று எழுதுவதே சரி.

விலங்கையே தன் கலையின் முதன்மைப் பொருளாகக் கொண்ட சிற்பி அல்லது ஓவியர் என்பது இதன் பொருள். இதில் 'முதன்மை' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அரசன் ஏறி அமர்ந்த குதிரையோ தெய்வத்தின் காலடியில் படுத்த சிங்கமோ இந்த வகையில் சேராது. சிங்கம் சிங்கமாகவே, வேறு யாருக்கும் அடையாளமாகவோ வாகனமாகவோ இல்லாமல் நிற்க வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். மூச்சு உள்ளது 'அனிமால்'. தமிழிலும் 'உயிர்ப்பு' என்றால் மூச்சுதான். 'விலங்கு' என்ற நம் சொல் வேறு திசையிலிருந்து வந்தது. விலங்குதல் என்றால் குறுக்காகக் கிடத்தல். நிமிர்ந்து நிற்கும் மனிதனைப்போல் இல்லாமல் உடல் கிடைமட்டமாக இருப்பதால் விலங்கு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மலைக்கு 'விலங்கல்' என்ற பெயரும் இதே வேரில் பிறந்ததுதான்.

'அனிமால்' என்பதோடு 'இயே' என்ற ஈறு சேர்ந்தால் தொழில் செய்பவரைக் குறிக்கும். 'ஜார்தன்' தோட்டம், 'ஜார்தினியே' தோட்டக்காரர். அந்தக் கணக்கில் அனிமாலியே என்பதை நேராக வைத்தால் 'விலங்குக்காரர்'. காதில் கொஞ்சம் இளக்காரமாக விழுகிறதா? 1830களில் பாரிஸ் விமர்சகர்களின் வாயிலும் அது இளக்காரமாகத்தான் வந்தது. அன்றைய கலைப் படிநிலையில் புராணமும் வரலாறும் உச்சியில் இருந்தன. விலங்குக்குக் கீழ்ப்படிதான் கிடைத்தது.

அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் முதன்மையானவர் அந்துவான் லூயி பாரி (1795–1875). பொற்கொல்லர் பட்டறையில் கை பழகியவர். பாரிஸின் 'ஜார்தன் தெ ப்லாந்த்' தாவரவியல் தோட்டத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலை உண்டு. அங்கே உயிருள்ள விலங்குகளை வரைவார். ஏதாவது இறந்துபோனால் உடலை அளந்து, தோலுக்குக் கீழே தசை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். ஓவியர் டெலாக்ருவா அவருடைய கூட்டாளி. சிங்கம் செத்துவிட்டது, உடனே ஓடி வாருங்கள் என்று டெலாக்ருவா அவருக்கு எழுதிய சிறு கடிதம் கலை வரலாற்றில் பெயர்பெற்றது. உடல் கெடுவதற்குள் வரைந்து முடிக்க வேண்டுமே!

1831ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் பாரி வைத்த சிற்பம் 'கங்கை முதலையை விழுங்கும் புலி'. புலி தரையோடு தரையாக ஒடுங்கி, நகங்களால் முதலையை அமுக்கிப் பிடித்துக் கடிக்கிறது. ஒல்லியான நீண்ட தாடை கொண்ட அந்த முதலை உடலை வில்லாக முறுக்குகிறது. தலைப்பில் அவர் பயன்படுத்திய சொல் 'கவியால்'. இது இந்தியின் 'கரியால்' என்பது எழுத்து மாறி ஐரோப்பாவுக்குப் போன வடிவம் என்று கருதப்படுகிறது. இந்த இனத்தின் ஆண் முதலைக்கு மூக்கு நுனியில் பானைபோல் ஒரு புடைப்பு இருக்கும். இந்தியில் 'கரா' என்றால் பானை. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் இந்த இனத்தை நேரில் பார்த்திருப்பார்கள்.

1833இல் பாம்பை மிதிக்கும் சிங்கத்தைப் பாரி காட்சிக்கு வைத்தார்; அதன் வெண்கல வார்ப்பு இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் 1837இல், ஆர்லியன்ஸ் கோமகனின் விருந்து மேசைக்காக அவர் செய்த வேட்டைக் காட்சிகளைச் சலோன் நடுவர்கள் ஏற்க மறுத்தார்கள். அது பொற்கொல்லர் வேலை, சிற்பம் இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இது இன்றைக்கும் பொறுக்காத தீர்ப்பு. மேசைமேல் வைக்கும் அளவில் இருந்தால் சிற்பம் ஆகாதா? பாரி பல ஆண்டுகள் சலோன் பக்கமே போகாமல் சிறிய வெண்கலங்களைத் தானே வார்த்து விற்றார். 1848இல் கடனில் மூழ்கினார். 1854இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்கு ஓவிய ஆசிரியரானார். அங்கே அவரிடம் கொஞ்ச காலம் படித்தவர்களில் பின்னாளில் புகழ்பெற்ற சிற்பி ரொதானும் ஒருவர்.

அதற்குள் வசவுச் சொல் தொழிற்பெயராக ஆகிவிட்டது. குதிரைக்கும் நாய்க்கும் பியேர் ஜூல் மேன், கரடிக்குக் கிறிஸ்தோஃப் ஃப்ராத்தன், பறவைக்கு ஜூல் முவான்யே என்று ஆளுக்கொரு விலங்கில் பெயர் எடுத்தார்கள். ரோசா பொனரும் தம்பி இசிதோரும் உண்டு. அடுத்த தலைமுறையில் இத்தாலியிலிருந்து வந்த ரெம்ப்ராண்ட் புகாட்டி, அப்புறம் 1922இல் வெள்ளைக் கரடியைக் காட்டி எல்லாரையும் நிறுத்திவைத்த ஃப்ரான்சுவா போம்போன்.

இனி உலோகத்தின் பெயர். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஃபிரெஞ்சு 'ப்ரோன்ஸ்' அதுதான். இதை 'ஐம்பொன்' என்று எழுதக்கூடாது. அது நம் திருமேனி மரபின் சொல். வார்ப்பு முறையும் பெரும்பாலும் வேறு. சுவாமிமலையில் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். பாரிஸ் பட்டறைகளிலும் மெழுகு முறை இருந்தது என்றாலும், 19ஆம் நூற்றாண்டில் அதிகம் நடந்தது மணல் வார்ப்புதான். ஃபோந்தனே ஓ ரோஸ் என்ற ஊரின் நைசான மணலில் அச்செடுத்து, துண்டு துண்டாக வார்த்து, பொருத்தி, இணைப்பு தெரியாமல் உளியால் செதுக்கி, கடைசியில் அமிலமும் சூடும் கொடுத்து நிறம் ஏற்றுவார்கள். அந்த நிறப்படலத்துக்குப் 'பத்தினா' என்று பெயர். தமிழில் 'களிம்பு' என்று பலர் எழுதுகிறார்கள். களிம்பு தானாக ஏறுவது. இது வேண்டுமென்றே ஏற்றுவது. 'மேற்படலம்' என்பது பொருந்தும்.

பாரி இறந்தபின் அவருடைய மூல உருக்கள் பலவற்றைப் பார்பெதியென் வார்ப்பகம் வாங்கி, தொடர்ந்து வார்த்தது. சிற்பத்தைச் சிறிதாக்கிப் படியெடுக்கும் கொலாஸின் இயந்திரம் அவர்களிடம் இருந்தது. ஆகவே பாரி கையெழுத்து இருப்பதாலேயே அவர் காலத்து வார்ப்பு என்று சொல்லிவிட முடியாது. இங்கே மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. சிற்பி உயிரோடு இருந்தபோது வார்த்தது 'வாழ்நாள் வார்ப்பு'. அவர் இறந்தபின் மூல உருவிலிருந்து வார்த்தது 'பின்வார்ப்பு'. வெண்கலச் சிற்பத்தையே அச்சாக வைத்து எடுத்தது 'படிவார்ப்பு', ஃபிரெஞ்சில் 'சுர்முலாஜ்'. ஆறும்போது உலோகம் சுருங்கும், அதனால் படிவார்ப்பு மூலத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும், நுண்வேலையும் மழுங்கியிருக்கும். அடியில் கீறிப் பார்த்து வெள்ளையாகத் தெரிந்தால் அது வெண்கலமே இல்லை, துத்தநாகக் கலவைக்கு வெண்கல நிறம் பூசியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ஆளைக் குறிக்க 'விலங்குச் சிற்பி' போதும். ஃபிரெஞ்சுச் சொல் ஓவியருக்கும் பொருந்துவதால், இருவரையும் சேர்த்துச் சொல்ல 'விலங்குக் கலைஞர்'. பொருளைக் குறிக்க 'வெண்கல விலங்குச் சிற்பம்'. 'சிலை' என்பது கல்லைக் குறித்த வடசொல்லிலிருந்து வந்தது. வழக்கில் உலோகத்துக்கும் ஆகிவிட்டதால் தவறில்லை, ஆனால் வழிபாட்டு வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பொம்மை' மட்டும் வேண்டாம். சலோன் நடுவர்கள் சொன்னதையே நாமும் சொன்னதாகிவிடும். 'தொல்பொருள்' என்பதை அகழாய்வுக்கும் சட்டத்துக்கும் விட்டுவிட்டு, 'பழம்பொருள்' என்று எழுதலாம். குறிப்பு எழுதுகிறவர்கள் இப்படி எழுதினால் தெளிவு: 'நடக்கும் சிங்கம், வெண்கல விலங்குச் சிற்பம், சிற்பி பாரி, பார்பெதியென் பின்வார்ப்பு, பச்சை மேற்படலம்.'