கம்ப்ரஸர் வாங்கியாச்சு, அடுத்து எந்த டிஏசி?

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று நம்ம பக்கத்தில் மாடி அறையை ஒதுக்கி வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். கொடைக்கு வில்லுப்பாட்டு, அம்மன் பாட்டு, கிறிஸ்துமஸுக்குச் சபைப் பாடல் என வேலைக்கும் குறைவில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கிற கம்ப்ரஸரோ (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஈக்யூவோ வாங்குகிறார்கள். அடுத்து எனக்குப் போன் வரும். "அண்ணாச்சி, யூடியூப்ல ஒரு டிஏசி சொல்லுதாங்க, பாட்டு கேக்க அம்புட்டு நல்லாருக்காம். அதை வாங்கிரவா?"

வேண்டாம் என்றுதான் சொல்வேன். டிஏசி என்பது கம்ப்யூட்டரின் டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றி வெளியே அனுப்பும் பெட்டி. பாட்டுக் கேட்க அது நல்ல பெட்டியாகவே இருக்கலாம். ஆனால் நமக்குக் கம்ப்யூட்டரிலிருந்து குரல் வெளியே போய், கம்ப்ரஸருக்குள் நுழைந்து, திரும்பவும் கம்ப்யூட்டருக்கே வந்து சேர வேண்டும். அந்தப் பெட்டியில் வெளியே போக மட்டும்தான் வழி உண்டு. திரும்பி வர ஏற்கெனவே இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) பயன்படுத்தலாம் என்றால், விண்டோஸில் பெரும்பாலான ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிரைவரைத்தான் (பெட்டியோடு பேச உதவும் சாஃப்ட்வேர்) எடுக்கும். எப்படியோ இரண்டையும் சேர்த்துவிட்டாலும், ஆளுக்கொரு கிளாக்கில் (ஒலிக்கு நேரம் கணக்கிடும் உள் கடிகாரம்) ஓடுவதால் நேரம் மெல்ல மெல்ல விலகி, இடையிடையே 'டிக் டிக்' சத்தம் வரும்.

ஆக, வாங்க வேண்டியது லைன் அவுட், லைன் இன் இரண்டும் போதுமான அளவு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். எல்லாரும் வைத்திருக்கும் 2 இன், 2 அவுட் பெட்டியில் இரண்டு அவுட்டும் ஸ்பீக்கருக்கே போய்விடும். மோனோ கம்ப்ரஸருக்கு இன்னொரு அவுட் வேண்டும். ஸ்டீரியோ என்றால் 3, 4 இரண்டும் வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒன்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சில பெட்டிகளில் 3, 4 அவுட்டில் வருவது ஹெட்போனுக்குப் போகும் அதே சிக்னல். சிலவற்றில் முன்பக்க வால்யூம் திருகு எல்லா அவுட்டையும் சேர்த்தே ஏற்றி இறக்கும். பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால், கம்ப்ரஸருக்குப் போகும் அளவும் குறையும். காலையில் வைத்த செட்டிங் மாலையில் வேறாகக் கேட்கும். பின்பக்கப் போட்டோவில் இது தெரியாது. மேனுவலை இறக்கி வாசியுங்கள்.

அடுத்தது லெவல். ஸ்டுடியோ கருவிகள் +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட்டை எதிர்பார்க்கும். வீட்டு ஆடியோ கருவிகளின் -10 டிபிவி என்பது சுமார் 0.316 வோல்ட். இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபல். மெலிந்து போன சிக்னலைத் திரும்பி வரும்போது தூக்கினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். அதனால் பேலன்ஸ்டு (வெளி இரைச்சலைத் தள்ளிவிடும்) அவுட்டா, அதிகபட்ச அவுட்புட் எவ்வளவு என்று பாருங்கள். +18 டிபியுவுக்கு மேல் இருந்தால் தாராளம்.

உள்ளே இருக்கும் டிஏசி சிப்பின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும். ஒரே சிப்பை வைத்து நல்ல பெட்டியும் செய்யலாம், சுமாரான பெட்டியும் செய்யலாம். பவர் சப்ளையும் சிப்புக்குப் பின்னால் வரும் அனலாக் சர்க்யூட்டும் அதைத் தீர்மானிக்கும். 24 பிட்டுக்குக் கணக்குப்படி மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 144 டெசிபல் உண்டு. நடைமுறையில் எந்தப் பெட்டியும் அதை எட்டுவதில்லை, நம் அறையின் ஃபேன் சத்தத்துக்கு அது தேவையுமில்லை.

தாமதத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வெளியே போய்த் திரும்பும் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்களான ரீப்பரில் ரீஇன்சர்ட், கியூபேஸில் எக்ஸ்டர்னல் எஃபெக்ட் இரண்டிலும் 'பிங்' (ஒரு சிறு சோதனை ஒலி) கொடுத்து அளந்து சரிசெய்யலாம். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) 48 சாம்பிள் பிந்தினால் 1 மில்லிசெகண்ட். அப்படிப் பிந்தி வந்த உடுக்கைச் சத்தத்தை அசலோடு சம அளவில் கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாகக் குழி விழுந்து, அடி சொத்தையாகக் கேட்கும். உடுக்கையைக் குறை சொல்வதற்கு முன் பிங் கொடுத்துப் பாருங்கள்.

இருக்கும் இன்டர்ஃபேஸில் அடாட் ஆப்டிகல் போர்ட் (ஒரே ஒளி கேபிளில் பல சேனல்களை அனுப்பும் இணைப்பு) இருந்தால் புதிதாக இன்டர்ஃபேஸ் வாங்கவே வேண்டாம். ஒரு கன்வெர்ட்டர் பெட்டியை அதில் சேர்த்தால் 48 கிலோஹெர்ட்ஸில் 8 சேனல், 96-இல் 4 சேனல் கிடைக்கும். இரண்டில் ஒன்று மட்டுமே மாஸ்டர் கிளாக்காக இருக்க வேண்டும்.

கருவிகள் கூடக்கூட 50 ஹெர்ட்ஸ் ஹம் (கரண்டிலிருந்து வரும் 'ம்ம்' சத்தம்) வரும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே கரண்ட் கசிந்தால் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் கையில்தான் இறங்கும். கம்ப்யூட்டரையும் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் போடுங்கள், டிஆர்எஸ் (மூன்று தொடர்பு உள்ள பிளக்) பேலன்ஸ்டு கேபிள் மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். பழைய வீடு என்றால் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பும் ஒரு டிஆர்எஸ் கேபிளும் எடுத்துப் போங்கள். லைன் அவுட் 3-ஐ நேராக லைன் இன்னில் சொருகி, ஒரு பாட்டை வெளியே அனுப்பித் திரும்பப் பதியுங்கள். தாமதத்தையும் அளவையும் சரிசெய்து, ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பி அசலோடு சேர்த்து ஓடவிட்டால் கிட்டத்தட்ட எதுவும் கேட்கக் கூடாது. பிறகு இன்னொரு முறை பதிந்துகொண்டே வால்யூம் திருகைச் சுற்றிப் பாருங்கள். மீட்டர் ஆடினால் அந்தப் பெட்டி உங்கள் வேலைக்கு ஆகாது, வேறு காட்டச் சொல்லுங்கள்.