அணை நீரின் தர அறிக்கையை எப்படிப் படிப்பது?

அணைகள், ஏரிகள், ஆறுகளின் நீரைத் தொடர்ந்து சோதித்துப் பதிவு செய்ய தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. பொறுப்பு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. தமிழ்நாட்டில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலையை மாநில வாரியம் செய்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம்தான் இரண்டு வாரியங்களுக்கும் அடிப்படை. மேற்பரப்பு நீரில் மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கிறார்கள். இந்த முடிவுகளைப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்; எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த ஆழத்தில் எடுத்தது என்பதும் தெரிய வேண்டும்.

அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது வகுப்பு. நீரை என்ன வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதை வைத்து ஐந்து வகுப்புகள் வகுத்திருக்கிறார்கள். ஏ வகுப்பு நீரைக் கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம்: 100 மில்லிக்கு மொத்த கோலிஃபார்ம் (மலக்கழிவு கலப்பைக் காட்டும் கிருமிகள்) 50க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மி.கி.க்குக் குறையாமல், பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 2 மி.கி.க்குள் இருக்க வேண்டும். பி வகுப்பு குளிக்க ஏற்றது. அதே வரிசையில் எல்லைகள் 500, 5, 3. சி வகுப்பு நீரை வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்கலாம். எல்லைகள் 5000, 4, 3. டி வகுப்பு மீனுக்கும் வனவிலங்குக்கும் உரியது. அங்கே ஆக்சிஜன் 4 மி.கி.க்குக் குறையக் கூடாது, தனி அம்மோனியா 1.2 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இ வகுப்பு பாசனத்துக்கு. அதற்கு மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு கூடினால் இது கூடும்) 2250 மைக்ரோமோவுக்குள்ளும், போரான் 2 மி.கி.க்குள்ளும் இருக்க வேண்டும். இவை எல்லாமே மூல நீருக்கான அளவுகோல்கள். குழாயில் வரும் குடிநீருக்கு ஐ.எஸ். 10500 என்ற தனித் தரம் உண்டு.

பாசன வகுப்பை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பு சேர்ந்து பாசனத்துக்கே உதவாமல் போனது. பி.ஓ.டி.யை மட்டும் பார்ப்பவருக்கு இந்த உப்பு தெரியாது. மின்கடத்துதிறன்தான் அதைக் காட்டும். ஆலைகளின் கழிவு வரும் அணை என்றால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

இந்த வகுப்பு முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீர் பச்சையாக மாறுவதற்குக் காரணமான பாஸ்பேட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் ஐந்து வகுப்புகளில் எதிலும் எல்லை இல்லை. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பின்பகுதியில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றம் வீசுவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அப்படிப் பாசி பொங்கியிருக்கும்போது நண்பகலில் மாதிரி எடுத்தால், ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் மிக உயர்வாகத் தெரியும். அறிக்கையின் ஆக்சிஜன் கட்டத்தில் ஏ வகுப்பு அளவுகூட வரும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன்கள் பெரும்பாலும் விடியலுக்கு முன் செத்து மிதப்பது இதனால்தான். ஆக்சிஜன் நன்றாக இருந்து பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) மட்டும் 8.5ஐத் தாண்டினால் பாசியைச் சந்தேகியுங்கள். சில நீலப்பச்சைப் பாசிகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. காய்ச்சினால் அது அழியாது. பச்சைப் படலம் மிதக்கும் இடத்தில் குளிக்கவும் வேண்டாம், கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டவும் வேண்டாம்.

ஆழமும் முக்கியம். வழக்கமான மாதிரியை மேற்பரப்புக்குச் சுமார் 30 செ.மீ. கீழே எடுப்பார்கள். கோடையில் ஆழமான அணையில் மேலே வெதுவெதுப்பான நீரும் அடியில் குளிர்ந்த நீரும் கலக்காமல் தனித்தனி அடுக்காக நிற்கும். அடி அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் சேற்றிலிருந்து இரும்பு, மாங்கனீசு, பாஸ்பேட் எல்லாம் கரைந்து அடிநீரில் கலக்கும். ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கீழ்மதகைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காரணம் இதுவே. மேற்பரப்பு மாதிரியில் இதன் சுவடே இருக்காது.

மாதிரி எடுப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடும். ஆக்சிஜனுக்கான 300 மில்லி பாட்டிலைக் குமிழி இல்லாமல் வழிய வழிய நிரப்பி, மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே சேர்த்து நிலைநிறுத்த வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. கோலிஃபார்முக்குக் கிருமியற்ற பாட்டில் வேண்டும்; அதை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காற்றிடம் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணிக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். வெயிலில் தாமதமாகிப் போன பாட்டிலில் கிருமி எண்ணிக்கை பெருகியும் இருக்கும், செத்துக் குறைந்தும் இருக்கும். அந்த எண்ணால் பயனில்லை. இங்கே பி.ஓ.டி.யை 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். வெளிநாடுகளின் 20 டிகிரி, 5 நாள் எண்ணோடு அதை ஒப்பிடும்போது கவனம் தேவை.

வேதியியல் எண் அன்றைய நீரைச் சொல்லும், அடிச்சேற்றில் வாழும் சிற்றுயிர்கள் பல வாரங்களின் கதையைச் சொல்லும். வாரியத்தின் உயிரியல் முறையில் அவற்றுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. சுத்தமான நீரை விரும்பும் மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பூச்சிகள் மிகுந்தால் மதிப்பெண் ஏறும். மாசைத் தாங்கும் சிவப்புப் புழுக்களும் ட்யூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப் புழுக்களும் மட்டுமே இருந்தால் இறங்கும். அணைக்கென்று ஓர் எச்சரிக்கை: நீர்மட்டம் ஏறி இறங்குவதால் கரையோரச் சேறு காய்ந்தும் உயிர்கள் அழியும். எனவே குறைந்த மதிப்பெண்ணை உடனே மாசு என்று எழுதிவிடாமல், அந்த மாத நீர்மட்டப் பதிவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தகவல் வேண்டுமென்றால் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பதில் தர 30 நாள் கெடு. பதில் வராவிட்டாலோ, வந்தது போதாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். வெறும் வகுப்பைக் கேட்காதீர்கள். நிலையக் குறியீட்டெண், மாதிரி எடுத்த நாள், நேரம், ஆழம், ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம், பாஸ்பேட், நைட்ரேட், மின்கடத்துதிறன் இவற்றைக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு மாத வாரியாகக் கேளுங்கள். அந்தந்த நாளின் நீர்மட்டத்தை நீர்வளத்துறையிடம் தனியாகக் கேட்டு வாங்கலாம்.

ஆலை கழிவு விடுகிறது என்று நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால், விசாரணைக்கு அது துப்பாக உதவும். நீதிமன்றத்தில் நிற்க அது போதாது. நீர் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வாரிய அதிகாரி ஆலைக்கு அறிவிப்புத் தந்து, அவர்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதனால் கழிவு வெளியேறும் நாளையும் நேரத்தையும் குறித்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதே நேரத்தில் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.